கறிவேப்பிலை காய்ந்த அறை

நோர்வேயில், ரொம்மன் என்ற இடத்தில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் நிலவறையில் உடுப்புகள் காய்வதற்கென்றே ஓர் அறை இருக்கிறது. சன்னல் இல்லை, வெயில் இல்லை. கொடிகளும் சுவரில் ஒரு காற்றாடியும் மட்டும். வெயில் படாமலே துணி காயும் என்பதை நம்ப எனக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் எடுத்தது. நம்பிய பிறகு நான் செய்த வேலைதான் வினையாயிற்று. அங்கே கறிவேப்பிலையைக் கட்டித் தொங்கவிட்டேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அங்கே கடுகு வெடிக்கும்போது வளவுக்குள் போய் ஒரு நெட்டு முறித்து வந்தால் போதும். அதை யார் காயவைத்தார்கள்? இங்கே வெள்ளிக்கிழமை தமிழ்க் கடைக்கு வந்து இறங்கும். சனிக்கிழமை பின்னேரம் போனால் காம்புதான் மிஞ்சும். அதனால் நிறைய வாங்கி வைக்கப் பார்த்தேன். உறைபெட்டியில் வைத்தால் கறுத்தது. ஹீற்றரின் மேல் பரப்பினேன். வீடு முழுக்க மணத்தது, எனக்குப் பெரிய பூரிப்பு. கறியில் போட்டால் வெறும் வைக்கோல். வீட்டில் மணந்ததெல்லாம் இலையை விட்டுப் போய்க்கொண்டிருந்த மணம் என்பது பிறகுதான் மண்டையில் ஏறியது. அந்த மணம் ஒரு எண்ணெய். சூடு கண்டால் பறந்துவிடும். இருட்டில், மெதுவாகக் காயவேண்டும். முக்கால்வாசி காய்ந்ததும் போத்தலில் அடைத்து, தினமும் மூடியைத் திறந்து மூச்சுவிட வைத்து மூடவேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பச்சை வாடை அடங்கி, உண்மையான மணம் எழும்பி வரும். முதல் போத்தல் சரிவந்த அன்று பருப்புக்கறி வைத்துவிட்டு அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. இங்கேயே பிறந்த என் மகள் தர்சிகா ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்து பையை எறிந்தாள்.

"ஹன்னாவை இனி எங்கட வீட்டை விடமாட்டாவாம் அவளின்ர தாய்."

"ஏனாம்?"

"நீங்கள் கீழை கட்டித் தொங்கவிட்டிருக்கிறதைக் கண்டவவாம். ஹாஷ் எண்டு நினைக்கிறா. கட்டடம் முழுக்க அதுதான் கதை."

ஹன்னா மூன்றாம் மாடிப் பிள்ளை. சிறுவயதிலிருந்தே இருவரும் ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கஞ்சா என்ற சொல்லையே வாயில் எடுக்காத குடும்பம் எங்களுடையது.

அன்று பின்னேரம் கட்டடக் குழுத் தலைவர் ஆர்னே வந்தார். நல்ல மனிதர், அதனால்தான் இன்னும் எரிச்சல். போத்தலை நீட்டி, இலை காயவைக்கும் விதத்தைச் சொன்னேன். மணந்து பார்த்தார். கஞ்சாக்காரரும் இப்படித்தான் இருட்டில் தொங்கவிட்டு, போத்தலில் அடைத்து, திறந்து திறந்து மூடுவார்களாம். அவசரப்பட்டுக் காயவைத்தால் அதுவும் வைக்கோலாக மணக்குமாம்.

"ஒவ்வொரு நாளும் பாவிப்பீர்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

என் அரைகுறை நோர்வேஜியனில் உண்மையைச் சொன்னேன்: "ஒவ்வொரு நாளும். இல்லாவிட்டால் சாப்பாடே இறங்காது. பிள்ளையையும் சின்னனிலேயே பழக்கிவிட்டோம்."

அவருடைய முகத்தில் இரக்கம் பரவியது. எனக்கு என் தலையிலேயே அடித்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது.

தர்சிகாதான் தன் அறைக்குள்ளிருந்து வந்து தண்ணீர்பட்ட பாடான நோர்வேஜியனில் விளக்கினாள், சமையலுக்குப் போடுவது என்று. ஆர்னே சிரித்தார், மன்னிப்புக் கேட்டார், ஹன்னாவின் தாயுடன் தானே கதைப்பதாகச் சொன்னார். கடைசியாக மகள் சொன்னது எனக்கும் விளங்கியது: "இது அம்மாவின் சாமான். நான் சாப்பிடுவதில்லை." பொய்யும் இல்லை. இலையைச் சாப்பாட்டுக் கோப்பை ஓரத்தில் ஒதுக்கித்தானே நாங்களும் சாப்பிடுகிறோம். ஆனாலும் அவள் சொன்ன விதம் நெஞ்சில் தைத்தது.

ஹன்னாவின் தாய் வந்து வருத்தம் தெரிவித்தாள். ஆனால் ஹன்னா வருவதில்லை. இப்போது தர்சிகாதான் மேலே போகிறாள். நேற்று பல்கணியில், கடும் குளிருக்குள், அவளுடைய ஜக்கற் தொங்கியது.

"என்ன பிள்ளை இது?"

"மணம் போகட்டும் எண்டு, அம்மா."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் குளிக்கப் போனதும் நான் வெளியே போய் அதை முகத்தோடு வைத்துப் பார்த்தேன். கழுத்துப்பட்டியில் கறிவேப்பிலை இன்னும் மணத்தது. நான் அவ்வளவு பாடுபட்டுப் பிடித்துவைத்த அதே மணம். பிறகு, காற்று நன்றாகப் படும் பக்கமாகத் திருப்பிக் கொழுவிவிட்டு உள்ளே வந்தேன்.