விளக்கு வைத்த பிறகு கிள்ளிய கொழுந்து

சூளகிரி தாண்டி நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு போர்வை, கம்பெனி கொடுத்த ஷூ. விரல்களெல்லாம் தக்காளிச் செடியின் கறை, பச்சையும் கறுப்புமாக. வழியில் ஒரு குழாயில் தேய்த்துக் கழுவினேன். தண்ணீர் மஞ்சளாகப் போனதே தவிர கறை போகவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று காலையில்தான் ஓசூரில் ரூமைக் காலி செய்திருந்தேன். வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் கடைசி அறை. வீட்டுக்காரம்மா தெலுங்கு பேசுகிற விவசாயக் குடும்பம். நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண்ணை மட்டும் வைத்திருந்தார். என்னைக் கம்பெனியில் காண்ட்ராக்டில் சேர்த்துவிட்டது அவர் தம்பி. அந்த அம்மாவைப் பகைத்துக்கொண்டால் ரூமும் போகும், வேலையும் போகும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் ஊராகத் திரிந்த எனக்கு, மாதச் சம்பளம் வந்த முதல் வேலை அது.

அவரிடம் கேட்டுக்கொண்டு பின்பக்கத்து மண்ணில் தக்காளி வைத்தேன். நர்சரியில் வாங்கிய ஹைப்ரிட் நாற்று, ஆள் உயரம் போகிற ரகம். குச்சி நட்டுச் சணலால் கட்டினேன். இலையும் தண்டும் சேருகிற இடுக்கில் முளைக்கும் பக்கக் கொழுந்தை விடாமல் கிள்ள வேண்டும். விட்டால் செடி புதராகி, காய் சிறுத்துப்போகும்.

காலையில் இருட்டோடு கம்பெனி பஸ். நான் திரும்பும்போது வீட்டுக்காரம்மா விளக்கு வைத்திருப்பார். விளக்கு வைத்த பிறகு செடியில் கை வைக்கக் கூடாது, அது தூங்கும் என்பது அந்த வீட்டு வழக்கம். ஞாயிற்றுக்கிழமை கிள்ளலாம் என்று பார்த்தால் ஓவர்டைம். கொழுந்துகள் கட்டைவிரல் தடிமனுக்கு வந்துவிட்டன. ஒரு நாள் ஷிஃப்ட் விட்டு வந்த கையோடு, பாத்ரூம் பல்பு வெளிச்சத்தில் கத்தியை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். பாதிச் செடிகள் முடிந்திருக்கும்.

“ஏம்ப்பா, தூங்குற செடிய அறுக்கறியே, வூடு வெளங்குமா?” வீட்டுக்காரம்மா வாசற்படியில் நின்றார்.

“அது தூங்கலைம்மா. நான்தான் தூங்காம வந்து உக்காந்திருக்கன்.”

மறுநாள் போர்வெல் மோட்டார் எரிந்துபோனது. நான் வேலை முடிந்து வந்தபோது காலிக் குடங்கள் வரிசையில் நின்றன. வீட்டுக்காரம்மா முடிவோடு இருந்தார்.

“காலையில வெத்தலை பாக்கு வெச்சி, செடிகிட்ட வுழுந்து கும்புட்டு, தப்புன்னு சொல்லு. இல்லன்னா காலி பண்ணு.”

“கரண்ட் கம்மியா வந்து எரிஞ்சிருக்கும்மா. வேணும்னா எல்லா வூட்டுக்கும் நானே தண்ணி தூக்கறன். தப்புன்னு மட்டும் சொல்ல மாட்டன்.”

பக்கத்து அறையில் திருநெல்வேலிக்காரர் ஒருவர், எங்கள் கம்பெனிதான். “ஒரு வார்த்த சொல்லிட்டா வாய் என்னல கோணியா போவும்?” என்றார்.

கோணாது. வயிற்றுக்காக எத்தனையோ பேரிடம் சொன்ன வாய்தான். செய்த தப்புக்கும் சொல்லியிருக்கிறேன், செய்யாததற்கும் சொல்லியிருக்கிறேன். ஒரு செடியை ஒழுங்காக வளர்த்ததற்கும் சொல்ல வேண்டுமென்றால், பிறகு எதற்குத்தான் சொல்லாமல் இருப்பது?

காலையில் நான் பஸ் ஏறவில்லை. வெயில் நன்றாக ஏறும் வரை காத்திருந்து, மிச்சச் செடிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிள்ளத் தொடங்கினேன்.

“யாரக் கேட்டு கை வெக்கற?”

“பொழுது விடிஞ்சிருச்சும்மா. செடி முழிச்சிருச்சு. சந்தேகமா இருந்தா நீங்களே கேட்டுப் பாருங்க.”

திருநெல்வேலிக்காரர் சிரிப்பை மறைக்க வாளியோடு உள்ளே போய்விட்டார். வீட்டுக்காரம்மா சிரிக்கவில்லை. கடைசிச் செடி வரை கிள்ளினேன். சாய்ந்ததை நிமிர்த்திக் கட்டினேன். கிள்ளியதை வாரி ஓரமாகக் குவித்தேன். சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்தேன்.

குருபரப்பள்ளி வந்தபோது இருட்டிவிட்டது. டீக்கடைக்காரரைக் கேட்டு அவர் பெஞ்சில் படுத்தேன். காலையில் எதிரே இருந்த பஞ்சர் கடையில் போய் வேலை கேட்டேன்.

“முன்ன இருந்த எடத்த ஏன் வுட்ட?” என்றார் கடைக்காரர்.

“தப்புன்னு சொல்லச் சொன்னாங்க. சொல்லல.”

“அப்படி இன்னா பண்ண?”

“தக்காளிச் செடியில கொழுந்து கிள்ளுனன்.”

கேலி செய்கிறேனா என்று கொஞ்ச நேரம் பார்த்தார். “இங்க ஜாக்கிய தப்பா வெச்சா லாரி மேல வுழும். அப்ப சொல்லுவியா?”

“அப்ப சொல்றன்.”

வீல் ஸ்பேனரைக் காலால் என் பக்கம் தள்ளினார். வெளியே ஒரு லாரி பின்சக்கரத்தில் காற்று இறங்கி நின்றிருந்தது. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு முதல் நட்டில் ஸ்பேனரை மாட்டினேன்.