இரண்டு மணி மூளை வகுப்பு

வெல்ஃபேர் மேடம் கொண்டுவந்த பிளாஸ்டிக் மூளை எட்டுத் துண்டாகக் கழன்றுவரும். நெற்றிப் பக்கத்துத் துண்டு மட்டும் பிடிப்பு தேய்ந்து, மேசையில் வைத்ததும் விழுந்துவிடும். "தூக்கம் இல்லன்னா முதல்ல கழண்டுக்கறது இதுதான். கவனம் எல்லாம் இங்கதான் இருக்கு" என்பார். நாங்கள் சிரிப்போம்.

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூரில் தகடு அடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் இருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டபின் எனக்கு அது பதினோராவது வேலை. ஷிப்ட் மாறும் சனிக்கிழமைகளில் காலை ஆறு மணிக்கு நுழைந்தால் இரவு பத்துக்குத்தான் வெளியே வர முடியும். தகடு அடிக்கும் பிரஸ் மெஷினில் விரல் போவதும் பெரும்பாலும் அன்றைக்குத்தான். இதைச் சரிசெய்ய வெல்ஃபேர் ஆபீசராக வந்த மேடம், டபுள் ஷிப்டை எடுத்துவிடச் சொன்னார். மேனேஜர் அதை விட்டுவிட்டு, மனத்தை ஒருமுகப்படுத்த வகுப்பு எடுக்கச் சொன்னார். இரண்டு ஷிப்டுக்கும் நடுவே, மதியம் இரண்டு மணிக்கு, அரை மணி நேரம்.

முதல் வகுப்பில் கண்ணை மூடச் சொன்னார். மூடினோம். பக்கத்து பிரஸ்ஸில் வேலை செய்யும் அண்ணாத்தேயின் குறட்டை முதலில் கேட்டது. எழுப்பப் போன என்னை மேடம் கைகாட்டித் தடுத்தார். கதவைச் சாத்திவிட்டு, யாரும் உள்ளே வராதபடி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பிறகு எல்லாச் சனிக்கிழமையும் அதுதான் வகுப்பு. ஆறு மாதம் ஒருவன் விரலும் போகவில்லை. மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். என்ன பயிற்சி என்று எழுதிக் கேட்டார்.

தூங்குகிறார்கள், அதனால்தான் கவனம் கூடியிருக்கிறது என்று மேடம் எழுதிக் கொடுத்தார். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"இன்னா மேடம், தியானம்னு எய்தி குடுத்துட்டுப் போய்க்கினே இருக்கலாம்ல?" என்றார் அண்ணாத்தே.

"அப்படி எழுதினா நாளைக்கு இன்னொருத்தர் வந்து உங்கள நெஜமாவே தியானம் பண்ண வைப்பாரு."

"எங்க மூளயெல்லாம் படிச்சீங்க. மேனேஜர் மூளய படிக்காம உட்டுட்டீங்களே."

வகுப்பு நின்றது. திங்கட்கிழமையிலிருந்து மேடமும் வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அண்ணாத்தேயின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. மெஷினை நான்தான் நிறுத்தினேன். கோபம் மேனேஜர் மேல் வர வேண்டும், வருகிறது. ஆனால் முதலில் வருவது மேடம் மேல்தான். அவர் எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்பது தெரிந்தும் வருகிறது.

பூந்தமல்லி, ஆவடி, வேப்பம்பட்டு என்று சுற்றிவிட்டு, இப்போது அதே அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் செக்யூரிட்டி. அங்கே மதியம் தூங்குவதற்கென்றே ஓர் அறை. இருபது நிமிடம் தூங்கினால் கவனம் கூடும் என்று சுவரில் எழுதி, மேசையில் ஒரு பிளாஸ்டிக் மூளையும் வைத்திருக்கிறார்கள். தூங்குகிறவர்களை யாரும் எழுப்பாமல் வாசலில் நின்று பார்த்துக்கொள்வது என் வேலை. நாற்காலி கிடையாது, உட்கார்ந்தால் கண் அசந்துவிடுமாம்.

நேற்று அறை காலியானதும் அந்த மூளையை எடுத்து நெற்றிப் பக்கத்தை இழுத்துப் பார்த்தேன். கழலவில்லை. ஒரே வார்ப்பு. அப்போது செக்யூரிட்டி ஆபீசிலிருந்து போன். "அண்ணே, அடுத்த ஷிப்ட் ஆளு வரல. இன்னிக்கி டபுள் பாத்துடு."

மூளையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, வாசலில் போய் நின்றேன்.