தூங்க விடாமல் வளர்த்த கன்று

"பனி மேல பழி போடாதம்மா, நான்தான் கொன்னேன்."

அர்மாஸ் தானாவே சொன்னார், யாரும் எதுவும் கேக்கல. பேத்தியோட முதல் பிறந்தநாளுக்கு, தாத்தாவா அவர் நட்ட பிர்ச் மரக்கன்று பக்கத்துல குழந்தையை வெச்சு போட்டோ எடுக்கத்தான் மக ஹென்னா வந்திருந்தா. ஃபின்லாந்துக் காடே பச்சையா இருக்க, இது மட்டும் காஞ்ச குச்சியா நின்னுச்சு.

நாப்பது வருஷம் காட்டுல மரம் நட்டவர். ஆகஸ்ட்ல பகல் குறையும்போது மரம் வளர்றதை நிறுத்திக் குளிருக்குத் தயாராகணும்னு ஊருக்கே சொன்னவர். போன வருஷம் பேத்தி பொறந்த சந்தோஷத்துல அவரே அந்த மாசம் முழுக்க உரம் போட்டார். தூங்காம வளர்ந்துக்கிட்டே இருந்த கன்றை செப்டம்பர் உறைபனி இளந்துளிரோட பிடிச்சுக்கிச்சு.

"கன்னுக்குப் பாலும் புகட்டினியாப்பா?"ன்னு வேலிக்கு அந்தப்பக்கம் பக்கத்து வீட்டு ரெய்யோ சிரிச்சான். அர்மாஸ் தொப்பியை இறக்கி முகத்தை மறைச்சுக்கிட்டார்.

"வேற நடலாம்பா"ன்னா ஹென்னா.

"நடலாம்மா. போகும்போது உரச் சாக்கை எடுத்துட்டுப் போயிடு. என்னை நானே நம்ப முடியல."