கடைசிப் புள்ளிக்கு முன் ஒரு சுவர்

வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'பூட்டு'. தெருமுனை வரை போனாலும், திரும்பி வந்து கதவை ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் மகராசிக்குக் கால் நகராது.

அலுவலகத்தில் கோ என்ற பலகை விளையாட்டை ஆடும் புரோகிராமை எழுதுகிறார்கள். கறுப்பு, வெள்ளைக் காய்களால் அதிகக் காலி இடத்தை வளைப்பவர் ஜெயிப்பார்; ஓர் இடத்துக்கு ஒரு புள்ளி. அதன் கடைசிக் கட்டம் அவள் பொறுப்பு. காய்களே சுவராகி, பலகை தனித்தனி அறைகளாகப் பிரிந்ததும், ஒவ்வோர் அறைக்கும் தனிக் கணக்குப் போட்டுக் கூட்டி, எதை முதலில் ஆடினால் கடைசிப் புள்ளி நம் கைக்கு வரும் என்று சொல்லும் பகுதி அது.

அன்று வேறொரு கம்பெனியின் புரோகிராமோடு போட்டி. தோற்றால் அவள் பகுதியையே தூக்கிவிடுவதாக மேனேஜர் பட்டென்று சொல்லியிருந்தார். வருடக்கணக்கான உழைப்பு.

ஆட்டத்தின் பாதியில் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவர் பலவீனமாக இருந்தால் அவை தனி அறைகளே அல்ல. சுவர் விழுந்தால் இரண்டும் போச்சு. சுவரைப் பார்க்கும் சோதனையை, வேகத்தை அளப்பதற்காக நேற்று அவளே நிறுத்தியிருந்தாள். திரும்பப் போட்டாளா? நினைவில்லை. ஆட்டம் முடியும்வரை புரோகிராமைத் தொடவும் கூடாது. மேனேஜரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்போது திரையில் அவர்களுடைய கறுப்புக் காய் விழுந்தது, தான் வளைத்த இடத்துக்குள்ளேயே. கையிலிருந்த புள்ளியைத் தானே அடைத்துக்கொண்டதே என்று எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். அவள் மட்டும் நாற்காலியில் சாய்ந்து சிரித்தாள்.

"சோதனை ஓடுது சார். சுவத்தைத்தான் அடைக்குது."

மேனேஜர் எட்டிப் பார்த்தார். உண்மைதான். அந்தக் காய் இல்லாவிட்டால் வெள்ளை அடுத்த காயிலேயே சுவரைத் தின்றிருக்கும். மீதியிருந்த சின்ன அறைகள் பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தன. புரோகிராமோ அவற்றை வரிசை பார்த்து ஆடி, கடைசிப் புள்ளியைத் தட்டிக்கொண்டு வந்தது. ஒரே புள்ளியில் வெற்றி. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. கதவை இழுத்துப் பார்க்கிற அதே கை, போகிற போக்கில் சோதனையையும் திரும்பப் போட்டிருக்கிறது.

"உங்க பகுதி இருக்கட்டும்மா," என்றார் மேனேஜர்.

சாயங்காலம் கணவனோடு கடைக்குக் கிளம்பினாள். தெருமுனை வந்தும் அவள் நிற்கவில்லை. அவன்தான் நின்றான்.

"பூட்டைப் பாக்கலையா?"

"பூட்டியிருப்பேன். வா."

அவள் கையை வீசிக்கொண்டு நடந்தாள். அவன் கொஞ்ச தூரம் கூடவே வந்தான். பிறகு மனசு கேட்காமல் வீட்டைப் பார்க்கத் திரும்பி ஓடினான்.