பத்துக்குப் பத்து வாங்கிய ஸ்ட்ரெச்சர்

1. முதல் நாள்

மலைமேல் இருக்கிற செம்மேட்டில் எனக்குக் கொடுத்த வகுப்பறையில் டிராயிங் போர்டு ஆறுதான் இருந்தது. படிக்க வந்தவர்கள் பதினொரு பேர். கொத்தனார், வெல்டர், தச்சர் என்று எல்லாருமே ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்கள். பிளான் போடவும், ஒரு பிரச்சினையை எடுத்து அதற்குத் தோதாக ஒரு பொருளை டிசைன் பண்ணவும் அவர்களுக்கு மூன்று மாதம் சொல்லித்தர வேண்டும். நான் ராசிபுரத்துக்காரி. இருபது வருஷம் டிராயிங் சொல்லிக்கொடுத்த திமிரோடு மலை ஏறினவள்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "கோடு கோணலாப் போனா ஷீட்டைக் கிழிச்சுப்போடுவேன், பாத்துக்குங்க" என்று வந்ததுமே மிரட்டினேன். "சரிங்க மேடம்" என்றார்கள். எதைச் சொன்னாலும் "சரிங்க மேடம்"தான். கீழேயிருந்து மாற்றலாகி வந்த எவரையும் இந்த ஜனங்கள் எதிர்த்துப் பேசுவதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. அடக்கமான வகுப்பு கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன், மடச்சி.

2. படம்

"உங்க ஊர்ல தீராத பிரச்சினை ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க, அதுக்கு வழி வரைவோம்" என்றேன். வெள்ளையன் எழுந்தார். தேவனூர் நாடு என்று சொல்கிற ஊர்க்கூட்டத்தில் ஒரு பள்ளத்து ஊர்க்காரர், கொத்தனார்.

"ஆம்புலன்ஸ் ரோட்டோட நின்னுக்குதுங்க மேடம். ஊட்டுல இருந்து ரோட்டுக்கு ஒரு மணி நேரம் ஏறோணும். எம்பட ஊட்டுக்காரிக்கு எட்டு மாசம். அவளை எப்படி மேல கொண்டாரதுன்னுதான் பயமா இருக்குதுங்க."

அதுவரை அங்கே முடியாதவர்களைப் போர்வையில் தொட்டில் கட்டி, ஒற்றைக் கழியில் தூக்கி வந்தார்கள். "அதுல உடம்பு வளைஞ்சு போகுமே" என்று சொல்லிவிட்டு நானே போர்டில் ஒரு ஸ்ட்ரெச்சர் போட்டுக் காட்டினேன். நீளவாக்கில் இரண்டு மூங்கில், குறுக்கே சட்டங்கள், நாலு பேர் தோள் கொடுக்கலாம். வெள்ளையன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன், புரியலையா?"

"புரியுதுங்க மேடம்."

மேலிருந்து தெரிகிற பிளான், பக்கவாட்டில் தெரிகிற எலிவேஷன், டைமென்ஷன் எல்லாம் சுத்தமாகப் போட்டுக் கொண்டுவந்தார். பத்துக்குப் பத்து கொடுத்துச் சுவரில் ஒட்டினேன். தச்சர்கள் இரண்டு பேர் அதைப் பார்த்து மூன்றே நாளில் செய்துவிட்டார்கள். வெள்ளையன் அதை ஊருக்குத் தூக்கிப்போனார்.

3. ரோட்டு மேலே

சொன்ன தேதிக்கு முன்னாலேயே வெள்ளையன் மனைவி மல்லிகாவுக்கு வலி வந்துவிட்டது. காலையில் வெள்ளையன் போன் பண்ணினார். பஸ் பிடித்து, ஆம்புலன்ஸ் நின்ற இடத்துக்கே போய்விட்டேன். உள்ளதைச் சொல்கிறேன், அந்தப் பெண்ணை நினைத்து மட்டும் போகவில்லை. என் ஸ்ட்ரெச்சர் மேலே ஏறி வருவதைப் பார்க்க ஆசை.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் இரண்டு பேர் போர்வைத் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உள்ளே மல்லிகா கண்ணை மூடிக் கிடந்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஸ்ட்ரெச்சர் எங்க? எதுக்கு மெனக்கெட்டுச் செஞ்சோம்?" என்று கத்தினேன்.

பின்னால் வந்த அம்மா ஒருத்தர் கையில் துண்டில் சுற்றி எதையோ வைத்திருந்தார். அதிலிருந்து சத்தமே வரவில்லை. ஐயோ, என் வாயை என்ன சொல்ல!

4. சொல்லாத சொல்

பதினைந்து நாள் கழித்து வெள்ளையன் வகுப்புக்கு வந்தார். எல்லாரும் போனபிறகு கேட்டேன்.

"அதுல படுக்க மாட்டேன்னுட்டாளுங்க மேடம். நடந்தே வாரேன்னு கெளம்பிட்டா. பாதி வழியிலேயே பொறந்துருச்சுங்க. அழுகவே இல்ல. அப்பறந்தான் தொட்டில் கட்டினோம்."

"ஏன் படுக்க மாட்டேன்னா?"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ரெண்டு மூங்கில், குறுக்கால குச்சி, நாலு பேர் தோளுங்க. அது பாடைங்க மேடம்."

எங்கள் ஊரிலும் அப்படித்தான் கட்டுகிறோம். என் அப்பாவை அதில்தான் கொண்டுபோனோம். ஸ்கேல் வைத்து வரைந்ததும் என் கண்ணுக்கு அது வெறும் எலிவேஷன் ஆகிவிட்டது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே வெள்ளையா?"

"மாசமா இருக்கறவளைப் பத்திப் பேசறப்ப அந்தச் சொல்லை எப்படிங்க வாயில எடுக்கறது? நீங்க வேற நல்லாருக்குன்னு சொல்லிட்டீங்க."

5. மல்லிகா

அடுத்து உட்காரவைத்துத் தூக்கி வருகிற மாதிரி ஒரு நாற்காலி வரைந்தோம். இந்தத் தடவை மார்க் போடவில்லை. ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பள்ளத்தில் நானே இறங்கினேன். முட்டி கழன்றுவிடும் போல இருந்தது.

மல்லிகாவிடம் மன்னிப்புக் கேட்டேன். படத்தை விரித்து, "இதுல உக்காருவியா கண்ணு? குத்தம் இருந்தா தயங்காமச் சொல்லு" என்றேன். வெகுநேரம் பார்த்தாள்.

"இது சரியில்லீங்க" என்றாள். "வலி வாரப்ப எதையாச்சும் இறுக்கிப் புடிக்கோணும். இதுல புடிக்க ஒண்ணுமே இல்லீங்க."

அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு பக்கமும் கைப்பிடி போட்டேன். எவ்வளவு உயரத்தில் வேண்டும் என்று அவள்தான் விரல் வைத்துக் காட்டினாள்.

இன்றைக்கு டிசைன் வகுப்பு எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எல்லாரும் சரி சரி என்றால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பொருளில் படுக்கப்போகிறவர் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். இருபது வருஷத்தில் என் படத்தைச் சரியில்லை என்று ஒருத்தர் சொல்லி அன்றுதான் கேட்டேன். அதற்குள் ஒரு பிள்ளை போய்விட்டது.