வார்னிஷ் பூசாத இஞ்சின்

கல்யாணமாகி வந்த புதிதில் என் மாமனாருக்கு உறவுக்காரர்கள் சொன்ன முதல் யோசனை, மருமகளை வேலையிலிருந்து நிறுத்திவிடு என்பதுதான். ரவாங்கில் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் எனக்கு ஷிப்ட் வேலை. சில வாரம் விடிவதற்குள் பஸ் ஏற வேண்டும், சில வாரம் இருட்டிய பிறகு வந்து இறங்க வேண்டும். வீட்டுக்கு வந்த பெண் இப்படிப் போய் வருவது நன்றாகவா இருக்கிறது என்று ஆளாளுக்குத் தூபம் போட்டார்கள். அதிலும் அவருடைய பங்காளி ஒருவர், பெரிய மீசைக்காரர், இதைச் சொல்வதற்கென்றே தஞ்சோங் காராங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். மாமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது வேலை தெரிஞ்ச புள்ள. பஸ்ஸுக்கு நானே கொண்டு போய் விடுறேன். ஒனக்கு என்னா கஷ்டம்?" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. சொன்னபடியே எஸ்டேட் சாலை பெரிய சாலையைத் தொடும் சிம்பாங் வரைக்கும் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். அந்த நன்றியை எப்படித் தீர்ப்பது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

கோல சிலாங்கூருக்கு உள்ளே தள்ளியிருந்த எங்கள் செம்பனைத் தோட்டத்தில் ஒரு காலத்தில் சின்ன நீராவி இஞ்சின் ஓடியது. பழக்குலைகளை ஏற்றிய பெட்டிகளை எண்ணெய் ஆலைக்கு இழுத்துப் போகும். அதை ஓட்டியவர் மாமா. நான் வருவதற்கு வெகு நாள் முன்பே அது பழைய இரும்புக்குப் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு போட்டோவும் மாமாவின் ஞாபகமும்தான்.

எண்பதுகளின் நடுவில், ஆலைப் பட்டறையில் ஃபிட்டராக இருந்த என் வீட்டுக்காரர், அந்த இஞ்சினைப் பித்தளைத் தகட்டில் சின்னதாகச் செய்யத் தொடங்கினார். முழங்கை நீளம் இருக்கும். ஓடாது, சக்கரங்கள் மட்டும் சுற்றும். அதற்காக அவர் தின்ற ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்த்து வைத்திருந்தால் நாங்கள் கேமரன் மலைக்கே குடிபோயிருக்கலாம். ஆனாலும் நான் குறுக்கே நிற்கவில்லை. இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்து மாமாவுக்கு ஒரு கண் முன்பே போயிருந்தது. இன்னொன்றில் புகை படிந்தது போலத்தான் பார்வை. அது எவ்வளவு நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது என்று கிள்ளான் ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள்.

"அப்பாவுக்குக் கண்ணு தெரியறப்பவே முடிச்சிக் காட்டிடணும்" என்பார் இவர்.

பித்தளையாக இருந்தவரைக்கும் மாமா தினமும் வந்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். புகைக்குழாய் இன்னும் கொஞ்சம் உயரம், படிக்கட்டு இவ்வளவு அகலம் கிடையாது என்று திருத்தம் சொல்வார். வண்ணம் பூசத் தொடங்கியதும் அறைக்குள் வருவதையே நிறுத்திவிட்டார்.

"அலங்காரம் நடக்கறப்ப தெரய போட்டுருவாங்கல்ல? பாதியில சாமியப் பாக்கக் கூடாது. முழுசா முடிச்சிட்டுத் தெரயத் தெற. அப்ப பாக்குறேன்."

என் பழைய சிவப்புத் தாவணி ஒன்று இஞ்சினுக்குத் திரையானது.

உடம்புக்குப் பச்சை, முகத்துக்கும் சக்கரச் சட்டத்துக்கும் கறுப்பு. இவர் பச்சையை மெல்லிசாகப் பல தடவை பூசினார். மழைக்காலம். ஒரு சாயங்காலம் ஈசல் கூட்டம் வந்து ஈரப் பெயிண்டில் இறங்கிக் குடும்பம் நடத்தியதில், ஒரு பக்கம் முழுவதையும் தேய்த்து மறுபடி பூச வேண்டியதாயிற்று. பிறகு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து மூடி வைத்தோம்.

அதற்குப் பிறகுதான் கோடு. அசல் இஞ்சினில் தண்ணீர்த் தொட்டியின் இரண்டு பக்கமும் ஓரத்தை ஒட்டி ஒரு மஞ்சள் கோடு, அதற்கு உள்ளே ஒரு சிவப்புக் கோடு ஓடுமாம். சின்ன இஞ்சினில் அவை நூல் கனம்தான் இருக்க வேண்டும். படம் வரைபவர்கள் வைத்திருக்கும் கோட்டுப் பேனா ஒன்றை இவர் வாங்கி வந்தார். முனையில் குருவி அலகு போல இரண்டு இரும்பு இதழ்கள். திருகினால் கோட்டின் கனம் கூடும், குறையும். சம்மட்டி பிடித்துப் பழகிய கை அவருடையது. போட்ட கோடெல்லாம் மண்புழுவாக நெளிந்தது. டர்பண்டைன் தொட்ட துணியால் துடைப்பார், மறுபடி போடுவார், மறுபடி துடைப்பார்.

"ஏங்க, பச்சையும் சேந்து வந்துரப் போவுது. இங்க கொடுங்க" என்றேன்.

தொழிற்சாலையில் என் வேலை, மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்துக்கொண்டே முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டுவது. மூச்சை எப்போது விட வேண்டும், எப்போது பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பேனாவைப் பெயிண்டில் முக்கக் கூடாது. ஈர்க்குச்சியால் ஒரு சொட்டு எடுத்து இதழ்களுக்கு நடுவே விட வேண்டும். பழைய தகட்டில் இழுத்துப் பார்த்து, சரியாக வந்தால் நிறுத்தாமல் ஒரே இழுப்பு. ஸ்கேலுக்கு அடியில் டேப் ஒட்டித் தூக்கிக்கொண்டேன், பெயிண்ட் அடியில் கசியாதிருக்க. மூலை வளைவுக்கு ஐந்து காசு நாணயத்தை வைத்து இழுத்தேன். மஞ்சள் காய்ந்த பிறகுதான் சிவப்பு.

முடித்துவிட்டுப் பார்த்தபோது எனக்கே கர்வமாக இருந்தது. இதை மாமா பார்க்க வேண்டும் என்ற ஆசை அன்றைக்குத்தான் என்னைப் பிடித்தது. என் கையை நம்பி ஊர் வாயை அடைத்தவர், அந்தக் கை என்ன செய்யும் என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

பாக்கி இருந்தது வார்னிஷ் மட்டும். "நாலு தடவ அடிச்சித் தேச்சிட்டா, கண்ணாடி மாரி ஆயிரும். கைய வச்சா கோடு இருக்கறதே தட்டுப்படாது" என்று இவர் பீற்றிக்கொண்டிருந்தார்.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது. அரம், ரம்பம், என் தையல் மெஷின், இவருடைய மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் அத்தை சந்தனம், குங்குமம் வைத்தார். என் மாமியார் பூஜையென்று இறங்கிவிட்டால் வீட்டில் ஒரு ஆணிகூடத் தப்பாது. அறைக்குள் போய், தாவணியை விலக்கி, இஞ்சினின் கறுப்பு முகத்திலும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமத்தை அழுத்தி வைத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டும் வந்துவிட்டார். கறுப்பு மழை ஈரத்தில் கனமாகப் பூசியது. மேலே காய்ந்தது போல இருந்தாலும் உள்ளே இளகித்தான் இருந்தது. மறுநாள் துடைத்தால் பொட்டு வரவில்லை, பெயிண்ட்தான் வந்தது.

"இதுக்கு மேல வார்னிஷ் அடிச்சா அசிங்கம் அப்படியே நின்னுரும்" என்று இவர் வார்னிஷை நிறுத்தினார். முகத்தைப் பித்தளை தெரியும்வரை சுரண்டித் தேய்க்கத் தொடங்கினார். வெளியே விடாத மழை. அடிக்கிற பெயிண்ட் காய்வதாக இல்லை. அவரும் திருப்தியாகாமல் மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மழையிலேயே ஒரு காலை மாமா கட்டிலில் உட்கார்ந்தபடி, "கண்ணுக்குள்ள மை ஊத்துன மாரி இருக்கு" என்றார். கிள்ளானுக்கு ஓடினோம். உள்ளே ரத்தம் கசிந்துவிட்டது, இனிப் பார்வை திரும்பாது என்றார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தப் பொட்டு இல்லையென்றால் போன வாரமே திரையைத் திறந்திருப்போம். அத்தையோடு பேச்சை நிறுத்தினேன். சட்டிபானைகள் எனக்குப் பதிலாகப் பேசின. பாவம், அவர் சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாமாவே கூப்பிட்டார். "இன்னும் எத்தன நாளக்கிப்பா தெரயப் போட்டு வப்ப? கொண்டா."

இவர் தாவணியோடு தூக்கி வந்து மேசைமேல் வைத்தார். நான்தான் விலக்கினேன். மாமா புகைக்குழாயைத் தடவினார். மணியைத் தடவினார். முகத்துக்கு வந்ததும் கை நின்றது.

"இங்க பொட்டு எங்க? வெள்ளிக்கெழம பொட்டு வைக்காம நான் வண்டிய எடுத்ததே இல்லயே."

நான் எழுந்து போய்க் குங்குமச் சிமிழை எடுத்து வந்து அத்தையிடம் நீட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுரண்டிய பித்தளையின் மேலேயே வைத்தார்.

மாமாவின் கை பக்கவாட்டுக்கு நகர்ந்தது. விரல் நுனி ஒரு இடத்தில் தயங்கியது. நகத்தால் மெல்ல வருடிப் பார்த்தார்.

"இது என்னாம்மா?"

"கோடு மாமா. நான் போட்ட மஞ்சக் கோடு."

விரல் கோட்டின் மேலேயே போனது. மூலையில் வளைந்து, கீழே இறங்கி, திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. "உள்ள ஒண்ணு ஓடுமே" என்றபடி சிவப்பையும் கண்டுபிடித்தார். மறுபடி ஒரு சுற்று. அவசரமே இல்லை. வார்னிஷ் அடித்திருந்தால் அந்த விரலுக்கு வெறும் வழவழப்புதான் கிடைத்திருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு ஏனென்று புரிந்ததோ என்னவோ, விடாமல் பிடித்துக்கொண்டார்.

வார்னிஷ் டின்னை இவர் பட்டறைக்கே திருப்பிக் கொண்டு போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை துக்கம் விசாரிக்கிற முகத்தோடு உறவுக்காரர்கள் வந்தார்கள். தஞ்சோங் காராங் மீசைக்காரரும் வந்தார். மாமா காற்றில் துழாவி அவருடைய கையைப் பிடித்து, ஆட்காட்டி விரலை மஞ்சள் கோட்டின் மேல் கொண்டுபோய் வைத்து, மெதுவாக ஒரு சுற்று நடத்தினார்.

"எங்கயாச்சும் நடுங்கியிருக்கா பாரு" என்றார். "ஃபேக்டரிக்குப் போற புள்ள போட்டது. எம் மருமவ."