சுவரைத் தொடாத துணி

ஷஹாபுதீனுக்குத் தொழிலே அடுத்தவர் சுவரில் துளை போடுவதுதான். நேரு வீதியை ஒட்டிய சந்தில் இருக்கும் ஒரு ஸ்க்ரீன் கடையில் பல வருடங்களாக வேலை பார்க்கிறார். துணி வாங்குகிறவர்கள் வீட்டுக்குப் போய் ஜன்னலை அளந்து, டிரில்லிங் மெஷினால் துளை போட்டு, கம்பி மாட்டி, துணியைக் கோத்துத் தொங்கவிட்டு வருவார். லாஸ்பேட்டையில் புதிதாக முளைத்த அடுக்குமாடிகளிலும் கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடுகளிலும் அவர் கை படாத தெரு குறைவு.

ஆனால் முத்தியால்பேட்டையில் அவரும் மனைவி சுரையாவும் குடியிருந்த மாடி வீட்டில் ஒரு ஆணிகூடக் கிடையாது. வீட்டுக்காரர் செல்வாம்பாள் கீழ்வீட்டில் இருந்தார். சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்.

"பாய், ஒண்ணே ஒண்ணுதான். செவுத்துல ஆணி மட்டும் அடிக்காதீங்க. முன்ன இருந்தவங்க சல்லடையாக்கிட்டுப் போயிட்டாங்க. இப்பதான் பட்டி வெச்சு பெயின்ட் அடிச்சிருக்கேன்."

"இவரு மெஷின நான் ஒளிச்சு வெச்சிடறேம்மா, நீங்க கவலப்படாதீங்க" என்றார் சுரையா. செல்வாம்பாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சுரையா ஒரு கண் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் வேலை பார்த்தார். டோக்கன் கொடுப்பதும் பெயர் சொல்லி அழைப்பதும் அவர் வேலை. பெரிய மார்க்கெட்டில் மீன் விலை கேட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது திரும்பி, "கிளினிக்குல பேரு கூப்புடுவீங்களே, நீங்கதானே?" என்பார்கள். அவர்களுக்கு முகம் தெரியாது. கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு இமையை மூடி உட்கார்ந்திருந்தபோது கேட்ட குரல்தான் தெரியும். வீட்டிலும் அந்தக் குரல் ஓயாது. சமைக்கும்போதும் பேசுவார், துணி மடிக்கும்போதும் பேசுவார். குழந்தை இல்லாத வீடு என்பதே வருகிறவர்களுக்கு உறைக்காது.

நோய் முதலில் கையில் வந்தது. கிளினிக்கில் டோக்கன் கட்டு விரலிலிருந்து நழுவி விழுந்தது. பிறகு டீ டம்ளர். பிறகு நடக்கும்போது செருப்பு காலை விட்டுக் கழன்றுகொண்டே இருந்தது. நரம்பு டாக்டரிடம் போனார்கள். பல சோதனைகளுக்குப் பிறகு அவர் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். தசைகளுக்கு உத்தரவு கொடுக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன, நிறுத்த மருந்து இல்லை என்றார். கைகால் முதலில் போகும், பேச்சு பிறகு போகும், அறிவும் பார்வையும் மட்டும் கடைசி வரை தெளிவாக இருக்கும் என்றார். கடைசி வரியை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

அடுத்த ரம்ஜானுக்குள் சுரையா படுக்கையோடு ஆகிவிட்டார். சின்ன அறை. கதவும் பீரோவும் இருந்த இடத்தை வைத்துப் பார்த்தால் கட்டிலை ஒரே வாக்கில்தான் போட முடியும். ஜன்னல் தலைமாட்டில் போய்விட்டது. எதிரே வெறும் சந்தன நிறச் சுவர்.

"மச்சான், இந்தச் செவுத்தப் பாத்துப் பாத்து எனக்கு அதுமேலயே கோவம் வருது" என்றார் ஒருநாள். அப்போதே பேச்சு லேசாகக் குழற ஆரம்பித்திருந்தது. "எதையாவது மாட்டுங்களேன்."

"ஆணி அடிக்கக்கூடாதே."

"ஆணி இல்லாம மாட்டத் தெரியாதா? ஊருக்கெல்லாம் மாட்டுறீங்க."

மறுநாளே ஒட்டுக்கொக்கிகளும் டபுள் சைடு டேப்பும் வாங்கி வந்தார். சுவரை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, ஒட்டி, வெகுநேரம் அழுத்திப் பிடித்தார். சுரையா கட்டிலிலிருந்தே வேலை வாங்கினார். கடற்கரையில் வாங்கிய சிப்பி மாலை இடது பக்கம் போக வேண்டும். கல்யாணத்துக்கு வந்த நீலப்பூத் தட்டு நடுவில். சுரையாவின் தங்கை ரூமானா காரைக்காலிலிருந்து வாங்கி வந்த பாய்மரப் படகுப் படம் அதற்குக் கீழே. "கொஞ்சம் மேல... ஐயோ, அவ்ளோ மேல இல்ல." அன்று சாயங்காலம் முழுக்க இருவரும் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஐப்பசி மழை பிடித்தது. நாலு நாள் வெயில் முகமே இல்லை. சுவர் வியர்த்தது. ஷஹாபுதீன் கடையில் இருந்த நேரத்தில் கொக்கிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. வெறுமனே விழவில்லை. பெயின்டையும் பட்டியையும் அப்பளம் மாதிரி உரித்துக்கொண்டு விழுந்தன. தட்டு உடைந்த சத்தம் கேட்டு முதலில் மேலே ஓடி வந்தவர் செல்வாம்பாள்தான். ஷஹாபுதீன் வீடு திரும்பியபோது வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னா பாய் இது? ஆணி அடிக்காதன்னா தோலையே உரிச்சு வெச்சிருக்கீங்க?"

"தப்புதான்மா. மழை விட்டதும் நானே பட்டி பூசிக் குடுத்திடறேன்."

"குடுங்க" என்றார். இரண்டு படி இறங்கியவர் நின்றார். "அந்தப் பொண்ணு அழுவுது. நான் திட்டுனதுக்கு அழுவுதோன்னு நெனச்சேன். தட்டு ஒடஞ்சதுக்கு அழுவுதாம். தொடச்சு விடக்கூட கை வரலியே அதுக்கு."

ஷஹாபுதீன் சொன்னபடியே பட்டி பூசினார், பெயின்டும் அடித்தார். நிறம் கொஞ்சம் வேறாகத்தான் வந்தது. அதன் பிறகு சுவரில் எதையும் ஒட்ட அவருக்குத் துணிவு வரவில்லை. கடையில் ஒரு நாள், ஒரு வீட்டுக்குப் போக வேண்டிய கனமான ஸ்க்ரீன் துணியை மடிக்கும்போதுதான் யோசனை வந்தது. அறையில் சுவரின் மேல்பக்கம் சிமென்ட் பரண் இருந்தது. அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு, பின்பாதியில் அரிசி மூட்டையை ஏற்றி, முன்னால் நீட்டிய விளிம்பில் கம்பியைக் கட்டினார். அந்தக் கம்பியிலிருந்து ஒரு முழு நீளத் துணியைத் தரை வரை தொங்கவிட்டார். துணி சுவரை மறைத்தது, சுவரைத் தொடவில்லை. மின்விசிறிக் காற்றில் ஆடாமலிருக்க அடிமடிப்பில் ஈயக் குண்டுகளை வைத்துத் தைத்தார். இனி எதை வேண்டுமானாலும் துணியில் குத்தலாம். முதலில் அந்தப் படகுப் படத்தைக் குத்தினார்.

சுரையா அதைப் பார்த்துவிட்டு மெல்ல, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். "இதுக்குத்தான்... உங்களக் கட்டிக்கிட்டேன்."

அவர் தெளிவாகப் பேசிய கடைசி முழு வாக்கியங்களில் அதுவும் ஒன்று. குளிர்காலம் முடிவதற்குள் குரல் போய்விட்டது. ஊருக்கே தெரிந்த குரல், தொண்டையில் ஒரு முனகலாக மிஞ்சியது.

அதன் பிறகு அந்தத் துணிதான் சுரையாவின் வாய். தண்ணீர் டம்ளர், மின்விசிறி, தலையணை, டீ, போர்வை, திருப்பிப் படுக்கவைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரைந்து ஷஹாபுதீன் குத்தினார். சுரையா எதைப் பார்க்கிறாரோ அது வேண்டுமா என்று அவர் கேட்பார். ஒரு முறை இமையை மூடித் திறந்தால் ஆமாம். பிறகு எழுத்துகளையும் பெரிதாக எழுதிக் குத்தினார். தமிழில் எழுத்து என்ன கொஞ்சமா? துணியில் பாதி இடம் அதற்கே போனது. முதன்முதலாக சுரையா ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, அவர் தொட்டுத் தொட்டுக் கேட்டு, வியர்த்துப்போய்ச் சேர்த்த செய்தி இது: 'கஞ்சில உப்பு இல்ல'. ஷஹாபுதீன் விழுந்து விழுந்து சிரித்தார். சுரையாவின் கண்ணும் சிரித்தது. பிறகு அவர் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

பகலில் ஷஹாபுதீன் கடைக்குப் போகும்போது ரூமானா வந்து இருப்பார். அவர் வர முடியாத நாட்களில் செல்வாம்பாள் மேலே வந்து உட்கார்ந்துகொண்டார். அவருக்கும் அந்தத் துணியின் பாஷை பழகிவிட்டது. ஒருநாள் அவரே சொன்னார்.

"பாய், நீங்க ஆணியே அடிச்சுக்கங்க. ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"வேணாம்மா. இப்ப துணியே அவளுக்குப் பழகிடுச்சு."

கடைசி மாதத்தில் ஒரு மாற்றம் வந்தது. சுரையா எழுத்துகளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். படங்களையும் எப்போதாவதுதான் பார்த்தார். துணியின் வலது பக்கம், படகுப் படத்துக்கும் போர்வைப் படத்துக்கும் நடுவே எதுவும் குத்தாத ஒரு வெறும் இடம் இருந்தது. பார்வை அங்கேயே போய் நின்றது.

"என்னம்மா வேணும்? தண்ணியா?" இமை அசையவில்லை. "வலிக்குதா? திருப்பிப் போடவா? ரூமானாவக் கூப்பிடவா?" எதுவும் இல்லை. பார்வை மட்டும் அங்கேயே இருந்தது.

ஷஹாபுதீனுக்கு அது பெரிய வேதனையாகிவிட்டது. அவளுக்கு ஏதோ வேண்டியிருக்கிறது, அது இந்தத் துணியில் இல்லை என்று நினைத்தார். வீட்டிலிருந்த பொருள் ஒவ்வொன்றையும் கொண்டுவந்து அந்த இடத்தில் பிடித்துக் காட்டினார். சுரையாவுடைய அம்மா ஓதிய தஸ்பீஹ் மணிமாலை, கிளினிக்குக்குப் போட்டுப்போன கைக்கடிகாரம், கல்யாணப் புடவை. சுரையா பொறுமையாக ஒவ்வொன்றையும் பார்ப்பார். பொருளை எடுத்ததும் பார்வை அதே இடத்துக்குத் திரும்பிவிடும். கடைசியில் அந்த இடத்திலும் ஒரு படத்தைக் குத்திவைத்தார். கடல் படம். சுரையா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வேறொரு வெறும் இடத்தைத் தேடிக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ஷஹாபுதீன் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கும்போது சுரையாவின் மூச்சு நின்றது. அவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி பாதியில் நின்றது. ஜும்ஆ தொழுகை முடிந்து அடக்கம் செய்தார்கள். கிளினிக்கிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள்.

சில நாட்கள் கழித்துத்தான் துணியைக் கழற்றினார். ஊசிகளை எடுத்தார், படங்களை அடுக்கினார், மூட்டையை இறக்கினார். தகவல் தெரிந்து செல்வாம்பாள் மேலே வந்தார். இருவரும் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். பட்டி பூசிய இடம்கூட இதற்குள் மற்ற நிறத்தோடு சேர்ந்துவிட்டிருந்தது. ஒரு கீறல் இல்லை.

"ஒண்ணுமே இல்லியே பாய்" என்றார் செல்வாம்பாள். நல்லதாகத்தான் சொல்ல நினைத்தார். சொன்ன பிறகு அவரே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஷஹாபுதீன் சுவரில் நெற்றியை வைத்து, அவ்வளவு நாளும் அடக்கியதையெல்லாம் அழுது தீர்த்தார்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்தவர்கள் போன பிறகு ரூமானா பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஷஹாபுதீன் மனதில் கிடந்ததை அவரிடம் கேட்டார்.

"கடைசியில அவ என்னதான் கேட்டா, ரூமானா? உனக்காவது எதுனா தோணுச்சா?"

"எத மச்சான்?"

"அந்த வெறும் எடத்தப் பாத்துக்கிட்டே இருந்தாளே."

ரூமானா கையிலிருந்த தட்டை வைத்தார். "எனக்கு ஒண்ணு தோணுது. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. அக்கா எதுவுமே கேக்கலன்னு நெனக்கிறேன். நமக்கெல்லாம் பேச வேணாம்னா வாய மூடிக்கறோம். அவளுக்குக் கண்ணுதானே வாயி? எதப் பாத்தாலும் நாம எந்திரிச்சு ஓடிவந்து, இதுவா அதுவான்னு கேட்டோம். கண்ண மூடுனா ஆமாங்கறாளோன்னு பாத்தோம். சும்மா இருக்கணும்னா, ஒண்ணுமே இல்லாத எடத்தத்தானே அவ பாக்கணும்?"

ஷஹாபுதீன் அறைச் சுவரின் பக்கம் திரும்பினார்.

"அப்படின்னா அந்த எடத்தையும் நான் அடச்சிட்டேனே" என்றார்.

"அன்பாலதானே செஞ்சீங்க. அது அவளுக்குத் தெரியாதா மச்சான்?" என்றார் ரூமானா. தெரிந்திருக்கும் என்றுதான் ஷஹாபுதீனுக்கும் தோன்றியது. ஆனால் அது அவரைத் தேற்றவில்லை.

ஷஹாபுதீன் இப்போதும் அதே மாடியில்தான் இருக்கிறார், அதே கடைக்குத்தான் போகிறார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்ததும் கபரஸ்தானுக்குப் போவார். மண்மேட்டில் உதிர்ந்த வேப்பிலைச் சருகுகளை ஒதுக்கிவிட்டு துஆ செய்வார். முடிந்த பிறகும் உடனே கிளம்புவதில்லை. எதையும் சொல்லாமல், எதையும் கேட்காமல், சுரையாவின் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்.